எட்டாவது சட்டை

கூட்டம் தொடங்குமுன்னே கொடுத்துவிட்டார்கள்.
மஞ்சள் நிறம். நெஞ்சில் ஒரு சிறுநீரகம்,
கண்ணும் வாயும் வைத்து
அதைச் சிரிக்க விட்டிருக்கிறார்கள்.
பெரிய அளவு கேட்டேன். தீர்ந்துவிட்டதாம்.

வீட்டில் ஏழு இருக்கின்றன.
சர்க்கரையை வெல்லச் சொன்னதை
மச்சான் லெஸ்டர் என்ஜின் துடைக்கக் கொண்டுபோனான்.
புகையை நிறுத்தச் சொல்வது கறுப்பு, நல்ல கெட்டித் துணி;
குளிர்கால இரவில் அதை மாட்டிக்கொண்டுதான்
வெளியே நெருப்பருகில் புகையிலை சுருட்டுவேன்.
கை கழுவச் சொன்னது வந்த வாரம்
ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோய்
குழாயில் காற்று மட்டும் வந்தது, முப்பத்தாறு நாள்.
அந்தச் சட்டையில் என் நாய் குட்டி போட்டது.

எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன்.
இடக்கண்ணை எனக்கு மீட்டுத் தந்தது அவர்கள் கத்திதான்.
கண் திட்டத்து நர்ஸ் பிரானியா நல்ல பெண்;
"வலிக்கிறதா?" என்று எங்கள் மொழியில் கேட்கக் கற்றிருந்தாள்.
பதிலைப் புரிந்துகொள்ளக் கற்குமுன்
ஜூன் வந்தது, பணம் முடிந்தது,
வெள்ளை டொயோட்டா அவளை ஏற்றிக்கொண்டு போனது.

இன்று வந்தவன் பெயர் கேலம்.
சுவரில் பெரிய பெரிய தாளாக ஒட்டினான்.
நாலு நிறப் பேனா.
"ஊரின் ஆரோக்கியத்துக்கு உங்கள் கனவு என்ன?"
ஈனிட் எங்கள் மொழியில் பேசினாள்.
வெயில் ஜன்னலைத் தாண்டித் தரைக்கு வரும்வரை பேசினாள்.
மொழிபெயர்க்கச் சொன்னபோது லெஸ்டர்
தொண்டையைச் செருமிக்கொண்டு
ஒரே ஒரு சொல் சொன்னான்:
நாற்காலி.

கேலம் பச்சையில் எழுதினான்.
தரையில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான்.
"அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் கொண்டுவருகிறோம்."

சிரித்தோம்.
நெடுநேரம், கண்ணில் நீர் வர.
பிறகு நான் சொன்னேன்.

தம்பி, அவள் கேட்டது ரத்தம் கழுவும் நாற்காலி.
ஒன்று. இங்கே.
பக்கத்தில் அந்த இயந்திரம், கெட்டுப்போகாத தண்ணீர்,
ஜூனில் போய்விடாத ஒரு நர்ஸ்.

என் கூடப்பிறந்தவன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்தான்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம்
குழாய்களோடு.
மீதி நாட்களில் விடுதி ஜன்னல்;
ஜன்னலுக்கு எதிரே டயர் கடை.
ஊர் அறுநூறு கிலோமீட்டர்.
ஃபோனில் நோயைப் பற்றி அவன் பேசியதே இல்லை.
ஓடையில் தண்ணீர் வந்ததா,
கிழக்கே புல்லுக்குத் தீ வைத்தீர்களா,
பின்னால் என்ன சத்தம், நாய்ச் சண்டையா,
ஃபோனை அந்தப் பக்கம் பிடி.
பிடித்தேன்.
சண்டை முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவனைப் புதைத்து ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது.
"உங்கள் சந்திப்பைத் தவறவிட்டீர்கள்."
கடைக்காரர் புதியவர், முறை தெரியாதவர்,
உறை மேலிருந்த பெயரை உரக்கப் படித்துவிட்டார்.
மாவும் பெட்ரோலும் வாங்க நின்றவர்கள்
எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்கள்.
இன்னும் இரண்டு கடிதம் வந்தது.
மூன்றாவது, எச்சரிக்கை.
அவற்றைச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கேலம் கெட்டவன் இல்லை.
முகம் சிவந்திருந்தது. புதுத் தாள் ஒட்டினான்,
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
மெதுவாகக் கேட்டான்:
"உங்கள் தம்பியின் பெயர் என்ன?"

யாரும் நிமிரவில்லை.
கூரைத் தகடு வெயிலில் ஒருமுறை முறிவது போலச் சத்தமிட்டது.
மடியில் கிடந்த மஞ்சள் சட்டையை
நான் மடிக்கத் தொடங்கினேன், கைக்கு வேலை வேண்டுமே.

ஈனிட்தான் பேசினாள்.
இம்முறை யாருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல்
அவன் மொழியிலேயே.
"நாற்காலி என்றே எழுது.
அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவர்."